பீங்கான் ஊரும் கேப்டனும்

2006 மே 11 அன்று தமிழ்நாட்டில் வாக்குகள் எண்ணப்பட்டபோது, பிறந்து எட்டு மாதம்கூட நிறையாத ஒரு கட்சி 232 இடங்களில் நின்று 231-ல் தோற்றது. ஜெயித்த ஒரே இடம் விருத்தாசலம். அங்கே நின்றவர் கட்சியின் தலைவர் விஜயகாந்த். மதுரையில் பிறந்து, கோடம்பாக்கத்தில் பெயர் வாங்கி, கடைசியில் சட்டமன்றத்துக்குள் நுழைய அவருக்கு வழிவிட்டது மணிமுத்தாற்றங்கரை ஊர் ஒன்று.

அன்றைக்குப் பத்திரிகைகள் இதைச் சினிமா மோகம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தன. சினிமா மோகம் மட்டும்தான் காரணம் என்றால், அவர் படங்கள் விருத்தாசலத்தைவிட நீண்ட நாள் ஓடிய ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. அந்த ஊர்களெல்லாம் ஏன் கைவிட்டன? மதுரைப் பிள்ளைக்கு மதுரைப் பக்கமே ஓர் இடம் கிடைக்காமல் பழைய தென்னாற்காடு ஏன் கைகொடுத்தது? ஒரு நடிகரின் வாழ்க்கையையும் ஓர் ஊரின் சரித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதற்குக் கொஞ்சமாவது பதில் கிடைக்கும்.

முதலில் ஊர். திருமுதுகுன்றம், பழமலை, விருத்தகிரி என்று பல பெயர்களில் வழங்கிய தலம். விருத்தகிரீஸ்வரர் கோயிலில் கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து என்று எல்லாவற்றையும் ஐந்தாக எண்ணிக் காட்டுவார்கள். காசியைவிட வீசம் கூடுதல் புண்ணியம் என்பது உள்ளூர்க் கணக்கு. கோயில் ஊராக இருந்ததை ரயில் மாற்றியது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குக் குறுக்கே போடப்பட்ட கார்டு லைனும், கடலூரிலிருந்து சேலத்துக்குப் போகும் பாதையும் இங்கே வெட்டிக்கொண்டதால் விருத்தாசலம் சந்திப்பு ஆனது. தென் மாவட்டங்களிலிருந்து கார்டு லைன் வழியாகச் சென்னைக்கு ரயிலேறிப் போன யாருக்கும் நடுராத்திரி டீ கிடைத்த ஸ்டேஷன்களில் இதுவும் ஒன்று. சினிமாக் கனவோடு மதுரையிலிருந்து கிளம்பிய பையன்களில் எத்தனை பேர் இந்தப் பெயர்ப்பலகையை ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சுற்றிலும் முந்திரி, மணிலா, மானாவாரி நிலம். முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் இங்கே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கிருந்து வெளியான ரகங்கள் வி.ஆர்.ஐ. என்ற முன்னெழுத்தோடு வேறு மாவட்டங்களின் கொல்லைகளிலும் முளைக்கின்றன. ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றதும் நினைவுக்கு வருவது பீங்கான்தான்.

இந்தத் தொழில் பரம்பரைக் குயவர்களின் சூளையிலிருந்து கிளைத்தது அல்ல. அரசாங்கம் திட்டம் போட்டு நட்டு வைத்தது. பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றியபோது வெண்களிமண்ணும் கூடவே வந்தது. அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்த காலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிற்சி நிறுவனம் வந்தது. கழிவுநீர்க் குழாய் செய்யும் அரசு ஆலையும் வந்தது. சிறு முதலாளிகளுக்குச் சொந்தமாகச் சூளை கட்ட வசதியில்லை என்பதால் பொதுச் சூளை, பொது அரவை என்ற ஏற்பாடும் இருந்தது. மின்கம்பத்துக்கு வேண்டிய பீங்கான் கிண்ணி, வீட்டு ஃப்யூஸ் கட்டை, டீக்கடைக் கோப்பை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று சிறு சாமான்களே இந்த ஊரின் சரக்கு.

வேலை எப்படி என்றால், களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்த்து உருளை ஆலையில் அரைத்து, தண்ணீர் விட்டுக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் தோல்போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாக ஒரு பொம்மை நிற்கும். பிசிறு சீவிக் காயவைத்து, கிளேஸில் முக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுக்க வேண்டும். ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நாளடைவில் அதன் முனைகள் மழுங்கும். பொம்மையின் மூக்கும் விரலும் தெளிவிழக்கும்.

1980-களின் தமிழ் சினிமாவும் ஏறக்குறைய இப்படித்தான் கதாநாயகர்களை வார்த்தது. விஜயகாந்த் அந்த அச்சில் எல்லோரையும்விட அதிகமாக ஊற்றப்பட்டவர்.

விஜயராஜ் என்ற பெயரில் 1952 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தார். தந்தை அழகர்சாமி மதுரையில் அரிசி ஆலை நடத்தியவர். படிப்பைவிடப் படத்தில் நாட்டம். அரிசி ஆலை வேலையில் இருந்தபடியே கோடம்பாக்கத்தை நோக்கிக் கண்ணை வைத்திருந்தார். 1979-ல் எம்.ஏ. காஜா இயக்கிய ‘இனிக்கும் இளமை’யில் வில்லனாக அறிமுகம். விஜயராஜை விஜயகாந்த் ஆக்கியதும் காஜாதான். ரஜினிகாந்த் ஏறுமுகத்தில் இருந்த நேரம். ‘காந்த்’ என்று முடியும் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருந்தது. அதே ஆண்டு ஷோபாவுடன் நடித்த படத்தின் பெயர் ‘அகல் விளக்கு’. பிற்காலத்தில் அகல் விளக்கு சுடும் ஊரின் எம்.எல்.ஏ. ஆவார் என்று அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தவர்களுக்கு எங்கே தெரியும்!

முகம் கறுப்பு, உச்சரிப்பில் மதுரை. அந்தக் காலத்து முன்னணி நடிகைகள் சிலர் அவரோடு ஜோடி சேரத் தயங்கினார்கள் என்ற கதை கோடம்பாக்கத்தில் இன்னும் உலவுகிறது. 1980-ல் கே. விஜயன் இயக்கிய ‘தூரத்து இடிமுழக்கம்’ இந்தியன் பனோரமாவுக்குப் போனது. சலில் சௌத்ரி இசையமைத்த படம். கலைப்பட நடிகராகவே ஒதுங்கிப்போயிருக்கலாம். அப்படி நடக்காமல் தடுத்தவர் எஸ்.ஏ. சந்திரசேகர். 1981-ல் வந்த ‘சட்டம் ஒரு இருட்டறை’ ஓடிய ஓட்டத்தில், தெலுங்கில் சிரஞ்சீவியை வைத்தும் இந்தியில் ரஜினிகாந்தை வைத்தும் அதையே திரும்ப எடுத்தார்கள். அதே ஆண்டு ஏவி.எம். தயாரிப்பில் ராம நாராயணன் இயக்கிய ‘சிவப்பு மல்லி’யில் பண்ணையாரை எதிர்க்கும் தொழிலாளியாக நின்றார். சட்டத்தை நம்பி ஏமாந்தவன், கூலி கேட்டு அடிபட்டவன், கடைசியில் திருப்பி அடிப்பவன் என்ற அச்சு அங்கே தயாராகிவிட்டது. ‘புரட்சிக் கலைஞர்’ பட்டம் அதற்குப் போட்ட கிளேஸ்.

1984-ல் மட்டும் அவர் நடித்து வெளியான படங்கள் 18. மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டாலும் ஆறு மிஞ்சும். அவற்றில் பல இன்று யாருக்கும் நினைவில்லை, அதில் தப்பும் இல்லை. ஆனால் அதே ஆண்டில்தான் ஆர். சுந்தர்ராஜனின் ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்தது. தாடி வைத்த, தோற்றுப்போன மனிதனாக அவரைப் பார்க்கப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அடிதடிப் படத்துக்கு வருகிற இளைஞன், குடும்பப் படத்துக்கு வருகிற தாய் என்று இரண்டு தரப்பும் ஒரே நடிகரிடம் சேர்ந்தது அந்தப் படத்திலிருந்துதான். பிறகு ‘அம்மன் கோவில் கிழக்காலே’, ‘பூந்தோட்டக் காவல்காரன்’, ‘செந்தூரப்பூவே’, ‘சின்ன கவுண்டர்’ என்று அந்தக் கணக்கு வளர்ந்தது.

1985-ல் தமிழின் முதல் முப்பரிமாணப் படமான ‘அன்னை பூமி’யில் நடித்தார். அடுத்த ஆண்டு, திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த ‘ஊமை விழிகள்’. பெரிய கதாநாயகர்கள் மாணவர்களை வாசலிலேயே நிறுத்திய காலத்தில், நரைத்த தலையோடு போலீஸ் அதிகாரி தீனதயாளனாக நடிக்க அவர் ஒப்புக்கொண்டார். அதிலிருந்து திரைப்படக் கல்லூரிப் பையன்களுக்கு அவர் அலுவலகம் திறந்த வீடானது. அங்கிருந்து வந்த ஆர்.கே. செல்வமணி 1990-ல் ‘புலன் விசாரணை’யையும், 1991 தமிழ்ப் புத்தாண்டில் அவரது 100-வது படமான ‘கேப்டன் பிரபாகர’னையும் கொடுத்தார். பல நடிகர்களுக்கு 100-வது படம் காலை வாரியிருக்கிறது. இவருக்கோ அது பட்டமே கொடுத்தது. அன்றிலிருந்து ‘கேப்டன்’.

இந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்தவர் மதுரை நண்பர் இப்ராகிம் ராவுத்தர். தி.நகரில் அவர்களுடைய அலுவலகத்தில் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு என்பதும், படப்பிடிப்பில் கதாநாயகனுக்குப் பரிமாறுவதையே லைட்மேனுக்கும் பரிமாற வேண்டும் என்பதும் சினிமாத் தொழிலாளிகள் இன்றும் சொல்லுகிற விஷயங்கள். இலையில் விழுந்த சோற்றைத் தொழிலாளி மறக்க மாட்டான். அரசியல்வாதிகள் இதைக் கூட்டணிக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்த்திருக்கலாம்.

விஜயகாந்த் வருவதற்கு முன்பே நடிகர் தேர்தலில் நிற்பது தமிழ்நாட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. 1962-ல் தேனியில் எஸ்.எஸ். ராஜேந்திரன் வென்றது இந்தியாவிலேயே ஒரு நடிகர் சட்டமன்றத்துக்கு நேராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நிகழ்ச்சி என்பார்கள். 1967-ல் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்ட சுவரொட்டியோடு பரங்கிமலையில் வென்றார். பிறகு அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிப்பட்டி என்று தொகுதி மாறிக்கொண்டே இருந்தார். எங்கே நின்றாலும் ஜெயித்தார். சிவாஜி கணேசன் 1989-ல் தனிக்கட்சியோடு, தன் பூர்வீகத் தஞ்சை மண்ணிலேயே, திருவையாற்றில் நின்று தோற்றார். ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் கட்சி தொடங்கி ஒன்பதே மாதத்தில் ஆட்சியைப் பிடித்தது 1983-ல். அதே ஆந்திரத்தில் சிரஞ்சீவி 2009-ல் திருப்பதியில் ஜெயித்துச் சொந்த மண்ணான பாலகொல்லில் தோற்றார். நடிகர்களுக்குச் சொந்த ஊர் ராசியில்லை என்று சோதிடம் சொல்லத் தேவையில்லை. சொந்த ஊரில் நடிகர் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்; தூரத்து ஊரில்தான் அவர் கதாநாயகன்.

ரசிகர் மன்றங்களைக் கட்டி மேய்த்ததில் விஜயகாந்த் எம்.ஜி.ஆரின் மாணவர். ‘கறுப்பு எம்.ஜி.ஆர்.’ என்று ரசிகர்கள் அழைத்ததை அவர் தடுக்கவில்லை. தையல் இயந்திரம், மூன்று சக்கர வண்டி, பள்ளிக்கு நிதி என்று பிறந்தநாள் தோறும் நலத்திட்டம் வழங்குவது மன்றத்துப் பழக்கமானது. 2001 உள்ளாட்சித் தேர்தலில் மன்றத்துப் பையன்கள் பலர் சுயேச்சையாக நின்று வார்டு உறுப்பினர் ஆனார்கள். அதற்கிடையே நடிகர் சங்கத் தலைவரானார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நட்சத்திரக் கலை நிகழ்ச்சி நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். சண்டைக்கார நடிகர் கணக்கும் பார்க்கத் தெரிந்தவர் என்பது அப்போது வெளியே தெரிந்தது.

2002 அக்டோபர் 12 அன்று காவிரிக்காகத் தமிழ்த் திரையுலகம் பேரணி நடத்திய இடம் நெய்வேலி. கர்நாடகத்துக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்து என்பது கோரிக்கை. பாரதிராஜா முன்னெடுத்த அந்தப் பேரணியில் சங்கத் தலைவராக விஜயகாந்த் நின்றார். விருத்தாசலத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய தூரம்தான் நெய்வேலி. முந்திரிக்காட்டுக் கிராமங்களிலிருந்து நட்சத்திரங்களைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தை அவரும் பார்த்திருப்பார். அதே ஆண்டு தீபாவளிக்கு ஏ.ஆர். முருகதாஸின் ‘ரமணா’ வந்தது. லஞ்சம் வாங்கும் அதிகாரிகளை மாணவர் படையோடு தண்டிக்கும் பேராசிரியர் வேடம். ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையை முன்கூட்டியே திரையில் வாசித்ததுபோல இருந்த படம் அது.

2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தேசிய முற்போக்கு திராவிடக் கழகம் (தே.மு.தி.க.) பிறந்தது. தேசியம், முற்போக்கு, திராவிடம் மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்ததைப் பலர் கேலி செய்தார்கள். கட்சி மதுரையில் தொடங்கியதால் தலைவரும் தெற்கே நிற்பார் என்றுதான் பேச்சு இருந்தது. அவர் விருத்தாசலத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அது பாட்டாளி மக்கள் கட்சியின் இடம். 2001-ல் அங்கே வென்ற ஆர். கோவிந்தசாமி மறுபடி நின்றார். இந்த முறை தி.மு.க. கூட்டணியின் பலத்தோடு. பா.ம.க.வுக்கும் விஜயகாந்துக்கும் உரசல் ஏற்கெனவே உண்டு. 2004-ல் ‘கஜேந்திரா’ படம் வந்தபோதே அது தெருவுக்கு வந்திருந்தது. ஆக, எதிரியின் வீட்டு முற்றத்தில் போய் நிற்பது என்பது அவர் படங்களில் இடைவேளைக்குப் பிறகு வருகிற காட்சி. நிஜத்தில் அதைச் செய்ய ஒருவருக்குத் திமிர் வேண்டும். கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

கணக்கு இருந்தது என்றே நினைக்கத் தோன்றுகிறது. வட மாவட்டங்களில் வாக்கு என்பது பெரும்பாலும் இரண்டு பெரிய சமூகங்களுக்கு நடுவில் பங்கு போடப்பட்ட பண்டமாக இருந்தது. அந்தப் பங்கீட்டுக்கு வெளியே நின்ற சிறுசிறு சாதிக்காரர்கள், கடைத்தெருவினர், பட்டறைத் தொழிலாளர்கள், எந்தக் கட்சியும் தனியாகக் கூப்பிட்டுப் பேசாத பெண்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. விஜயகாந்த் எந்தப் பெரிய சாதியின் பெயரைச் சொல்லியும் ஓட்டுக் கேட்க முடியாதவர். திரையில் எல்லாச் சாதிக்காரராகவும் வேடம் போட்டவர். பெரிய சமூகங்களுக்குள்ளும் இளைஞர்கள் மன்றத்துக் கொடியைக் கட்சிக் கொடிக்கு மேலே பிடித்தார்கள். வீடு தேடி ரேஷன் வரும் என்ற வாக்குறுதி, கடையில் கால் கடுக்க நின்ற பெண்களுக்குச் சினிமா வசனத்தைவிட நன்றாகவே கேட்டது.

மே 8 அன்று வாக்குப்பதிவு. முடிவு வந்தபோது கோவிந்தசாமியை 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்திருந்தார். அ.தி.மு.க.வுக்கு மூன்றாமிடம். மாநிலம் முழுக்க அவர் கட்சி வாங்கியது 8 சதவீதத்துக்கு மேல். இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் தோல்விகளுக்குத் தே.மு.தி.க. பிரித்த வாக்கைக் காரணம் காட்டத் தொடங்கின. தனியாக நின்றவனைத் தோற்றவர்கள்தான் எப்போதும் சரியாக எடை போடுகிறார்கள்.

அடுத்த ஐந்து ஆண்டுகள் 234 பேர் கொண்ட அவையில் விஜயகாந்த் தன் கட்சிக்கு ஒற்றை ஆள். விருத்தாசலம் என்ற பெயர் செய்தித்தாளில் அடிபட்டது. தேர்தல் பேச்சு வரும்போதெல்லாம் வடக்கே ஒரு பீங்கான் ஊர் என்று டெல்லி நிருபர்களும் எழுதினார்கள். செராமிக் பேட்டைக்கு அதனால் பெரிதாக என்ன கிடைத்தது என்று கேட்டால், உதடு பிதுக்குவதைத் தவிர வழியில்லை. எதிர்க்கட்சியின் ஒற்றை உறுப்பினரால் ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்த முடியாது; அது நியாயமான சமாதானம். பீங்கான் ஃப்யூஸ் கட்டையின் இடத்தை எம்.சி.பி. சுவிட்ச் பிடித்துக்கொண்டிருந்தது. உத்தரப்பிரதேசத்துக் குர்ஜாவிலிருந்து வந்த கோப்பையும் சீனத்திலிருந்து வந்த பொம்மையும் பழைய வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டிருந்தன. கழிவுநீர்க் குழாயில் பி.வி.சி. புகுந்துவிட்டது. இவையெல்லாம் ஒரு தொகுதிக்குள் தீர்க்கக்கூடிய வழக்குகள் அல்ல. நடிகர் எம்.எல்.ஏ. ஆனால் தொழில் வளரும் என்று நினைத்திருந்தால் அது ஊரின் அப்பாவித்தனம். வளரும் என்று மேடையில் சொன்னவர்களின் பேச்சுக்கு அப்பாவித்தனம் என்று பெயர் வைக்க முடியாது.

2010-ல் அவருடைய கேப்டன் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அவரே இயக்கிய முதல் படம் வந்தது. படத்துக்கும் அதில் அவர் ஏற்ற போலீஸ் அதிகாரிக்கும் பெயர் ‘விருதகிரி’. பழமலைநாதரின் பெயரைத்தான் கதாநாயகனுக்குச் சூட்டியிருந்தார். ஊருக்கு அவர் செலுத்திய நன்றி என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு; தேர்தல் வருவதற்கு நாலைந்து மாதம் முன்பு வந்த விளம்பரம் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. படம் ஐரோப்பாவில் நடக்கும் ஆங்கிலப் படமொன்றின் சாயலில் இருந்தது. விருத்தாசலத்துக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

விருத்தாசலத்துக்கு ஒரு பழங்கதை இருக்கிறது. சுந்தரர் இங்கே ஈசனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். வழிப்பயணத்தில் திருடர் பயம். மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றது உத்தரவு. அப்படியே நடந்தது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற வழக்கு இங்கிருந்து கிளம்பியதுதான். 2011-ல் விஜயகாந்த் செய்ததும் இதுவே. மணிமுத்தாற்றங்கரையில் ஐந்து வருஷம் போட்ட முதலை ரிஷிவந்தியத்தில் போய் எடுத்தார். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க.வோடு கூட்டு; 41 இடத்தில் நின்று 29-ல் வெற்றி. தி.மு.க.வே 23-ல் நின்றுவிட்டதால் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி அவரைத் தேடி வந்தது. விருத்தாசலம் கோபப்படவில்லை. அவர் கட்சியின் வி. முத்துகுமாரையே அனுப்பி வைத்தது.

அங்கிருந்து சரிவு வேகமாக வந்தது. 2012 பிப்ரவரி தொடக்கத்தில் அவையில் ஆளும் கட்சியோடு நேருக்கு நேர் மோதல், விரல் நீட்டல், இடைநீக்கம். கட்சி எம்.எல்.ஏ.க்கள் ஒருவர் பின் ஒருவராக முதல்வரைச் சந்தித்துத் திரும்பினார்கள். 2014-ல் பா.ஜ.க. அணியில் 14 இடம், எல்லாம் தோல்வி. 2016-ல் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக உளுந்தூர்பேட்டையில் நின்று மூன்றாமிடம். உடல்நிலை தளர்ந்து, அந்தக் கணீர்க் குரலே குழறத் தொடங்கியிருந்த காலம். தொலைக்காட்சிகளும் கைப்பேசிக் கேலிப் படங்களும் அந்தக் குழறலை இரக்கமில்லாமல் வைத்து விளையாடின. ஒரு மனிதனின் நோயை நகைச்சுவையாக விற்றவர்கள் பிறகு அவர் இறந்தபோது கண்ணீர் அஞ்சலியையும் விற்றார்கள்.

வரைபடத்தில் மூன்று புள்ளிகளை வைத்துப் பாருங்கள். விருத்தாசலம், ரிஷிவந்தியம், உளுந்தூர்பேட்டை. மூன்றும் பக்கம் பக்கமாகக் கிடக்கிற பழைய தென்னாற்காட்டுத் தொகுதிகள். தலைவரான பிறகு சட்டமன்றத்துக்கு நின்ற மூன்று முறையும் அவர் அந்த வட்டத்தைத் தாண்டவில்லை. கட்சி பிறந்த மதுரையில் ஒருமுறைகூட நிற்கவில்லை. மதுரை அவரை நடிகராக அனுப்பி வைத்தது. அரசியல்வாதியாக ஏற்றுப் பார்க்கிற சோதனையை அவர் அதற்கு வைக்கவே இல்லை. அந்தச் சோதனைக்கு உட்பட்டது தென்னாற்காடு. ஒருமுறை தனியாகவும் ஒருமுறை கூட்டணியோடும் தேறவைத்து, மூன்றாம் முறை போதும் என்று சொல்லிவிட்டது. இதைச் சினிமா மோகம் என்று எப்படிச் சொல்வது? மோகத்தில் விழுந்தவர்கள் இவ்வளவு நிதானமாகக் கணக்கை முடிப்பதில்லை.

2021-ல் அவர் மனைவி பிரேமலதா விருத்தாசலத்திலேயே நின்றார். அ.ம.மு.க.வோடு கூட்டணி; கேப்டனின் பழைய தொகுதி என்பதுதான் பிரசாரத்தின் மையம். காங்கிரஸின் ஆர். ராதாகிருஷ்ணன் வென்றார், பிரேமலதாவுக்கு மூன்றாமிடம். 2006-ல் ஓட்டுப் போட்டது விஜயகாந்த் என்ற ஆளுக்கே ஒழிய, அவர் குடும்பத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்தது அல்ல என்பதை ஊர் பதமாகவே தெரிவித்தது. 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் சென்னையில் காலமானார். கோயம்பேட்டில் கட்சி அலுவலக வளாகத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம். அடுத்த மாதமே பத்மபூஷண் அறிவிப்பு. 2024 மக்களவைத் தேர்தலில் மகன் விஜய பிரபாகரன் விருதுநகரில் 4,379 வாக்குகளில் தோற்றார். தெற்கே அந்தக் குடும்பம் வெற்றிக்கு அவ்வளவு பக்கத்தில் போனது தந்தை மறைந்த பிறகுதான்.

விஜயகாந்த் நடித்த 1984-ஆம் ஆண்டுப் படம் ‘வெற்றி’யில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமானவர் இயக்குநர் எஸ்.ஏ. சந்திரசேகரின் மகன் விஜய். ஒன்பது ஆண்டு கழித்து ‘செந்தூரபாண்டி’யில் அந்தப் பையனுக்கு அண்ணனாக நடித்துக் கிராமத்துத் தியேட்டர்களில் அறிமுகம் செய்து வைத்தார் விஜயகாந்த். 2024 செப்டம்பரில் வந்த விஜய் படத்தில், குடும்பத்தின் சம்மதத்தோடு, கணினியில் உருவாக்கிய விஜயகாந்த் திரையில் தோன்றினார். அதற்கு அடுத்த மாதம் 27-ஆம் தேதி விஜய் தன் கட்சியின் முதல் மாநாட்டைக் கூட்டினார். இடம் விக்கிரவாண்டி; அதுவும் பழைய தென்னாற்காடுதான்.